புதன்கிழமை தொண்டை கட்டியது, வெள்ளிக்கிழமை பேசியாக வேண்டும்

புதன்கிழமை காலை ஐந்தரை மணிக்குப் பால்காரரிடம் "இன்னொரு பாக்கெட்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. அவர் இரண்டு விரலைக் காட்டி, "ரெண்டா டீச்சர்?" என்றார். தலையாட்டினேன். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம். எங்கள் பகுதிக்குப் பக்கத்தில் ஓர் ஆலையை விரிவாக்கப் போகிறார்கள். பேசுகிறவர்களில் நானும் ஒருத்தி.

வடசென்னை எர்ணாவூரில் இருபது வருடமாக டியூஷன் எடுக்கிறேன். தெருப் பட்டிமன்றம், படிப்பகக் கூட்டம், நினைவேந்தல் என்று வருடத்துக்கு ஏழெட்டு மேடையாவது ஏறுகிறேன். முந்தைய நாள் பார்த்துத் தொண்டை காலை வாரியது இது ஐந்தாவது முறை. ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு முடிவெடுத்துப் பார்த்தாயிற்று. மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஏறிவிடலாம், சுருக்கிப் பேசலாம், வேறொருவரை வாசிக்கச் சொல்லலாம், பதிவு செய்து அனுப்பலாம், தள்ளிப்போடலாம். இந்த ஐந்தில் எது எப்போது எடுபடும் என்பதற்கு என் பட்டறிவில் ஒரு கணக்கு இருக்கிறது.

அதற்கு முன் ஒன்று. இதெல்லாம் சளி, தொண்டைக்கட்டு, லேசான காய்ச்சல் என்ற அளவுக்குத்தான். மழைக்காலத்தில் நம் பக்கம் காய்ச்சல் என்றால் டெங்குவை நினைக்க வேண்டும். அது ஏமாற்றுகிற நோய். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவில் காய்ச்சல் இறங்கும், 'சரி, கூட்டத்துக்குப் போய்விடலாம்' என்று தோன்றும். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவதும் தட்டணுக்கள் சரிவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் இரத்தம் இருந்தால் மேடையை மறந்துவிட்டு ஸ்டான்லிக்கோ பக்கத்து மருத்துவமனைக்கோ கிளம்ப வேண்டும். டெங்குவாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்வரை ஆஸ்பிரினும் இபுப்ரோஃபெனும் தொடக்கூடாது. எச்சில்கூட விழுங்க முடியவில்லை, மூச்சிழுக்கும்போது சத்தம் வருகிறது என்றால் நேரே 108. இருமல் இரண்டு வாரம் தாண்டினால் சளிப் பரிசோதனை. குரல் மூன்று நான்கு வாரமாகக் கரகரத்தால் காது மூக்கு தொண்டை மருத்துவர், அதிலும் புகைபிடிப்பவர் என்றால் உடனே.

இன்னொன்று எங்கள் ஊர்க்காரர்களுக்கு. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர்ப் பக்கம் அமோனியா கசிந்து பெரியகுப்பம் மக்கள் மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடி வந்தார்கள். தொண்டை எரிந்தால் எல்லாவற்றுக்கும் கிருமிதான் காரணம் என்று நாங்கள் சட்டென்று முடிவுகட்டுவதில்லை. தெருவில் பத்துப் பேருக்கு ஒரே நேரத்தில் தொண்டை கமறினால் கஷாயம் வைப்பதற்கு முன் ஜன்னலைச் சாத்திவிட்டுக் காற்றில் என்ன வாடை என்று பார்ப்போம்.

சரி, மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஏறும் வழி. எல்லோரும் முதலில் எடுக்கிற முடிவு இதுதான், நானும் அப்படித்தான். தண்டையார்பேட்டையில் ஒரு தெருப் பட்டிமன்றம். ஏழு மணிக்குக் கூட்டம் என்று ஆறு மணிக்கு ஒரு டோலோ போட்டுக்கொண்டேன். அதில் இருக்கும் பாராசிட்டமால் அரை மணி, ஒரு மணி நேரத்தில் வேலை செய்யும், நாலு முதல் ஆறு மணி நேரம் தாங்கும். கணக்கு சரிதான். ஆனால் தலைமை தாங்க வேண்டியவர் ஒன்பதுக்கு வந்தார். என் முறை வந்தபோது பத்தே கால். உடம்பு மறுபடி கொதிக்க ஆரம்பித்திருந்தது. பக்கத்தில் இருந்த அக்கா கைப்பையிலிருந்து ஒரு சளி மாத்திரை எடுத்துக் கொடுத்தார், யோசிக்காமல் விழுங்கினேன். அந்த மாதிரிக் கூட்டு மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமாலும் சேர்ந்திருக்கும் என்று அன்று எனக்குத் தெரியாது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்ச வரம்பு. 650 மில்லிகிராம் மாத்திரை ஆறு போட்டாலே கிட்டத்தட்ட அங்கே வந்துவிடும். கல்லீரல் கோளாறோ குடிப்பழக்கமோ இருப்பவர்களுக்கு வரம்பு இன்னும் கீழே. சளி மாத்திரையில் இருக்கும் இன்னொரு மருந்து மூக்கொழுகலை நிறுத்துகிற கையோடு வாயையும் வறளவைக்கும், தூக்கமும் வரும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, 'தீர்ப்பு' என்ற சொல்லை மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன்.

அதோடு விட்டேனா? ஒரு புதினா மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டேன். தொண்டை மரத்துப்போனது. வலி இல்லை என்றதும் கத்தினேன். குரல்நாண்கள் பெண்களுக்கு நொடிக்குச் சுமார் 200 தடவை ஒன்றோடொன்று மோதும், ஆண்களுக்கு நூற்றுச் சொச்சம். வீங்கியிருப்பதைப் பத்து நிமிடம் அப்படி மோதவிட்டால் என்ன ஆகும்? மறுநாளிலிருந்து பதினெட்டு நாள் டியூஷனில் கரும்பலகையில் எழுதித்தான் திட்டினேன். பிள்ளைகளுக்கு அது பண்டிகை.

இந்த வழியை நான் குறை சொன்னால் எங்கள் படிப்பகத்துப் பெரியவர் ஒருவர் விடமாட்டார். "பெரியார் மூத்திரக் குழாயோட மேடை ஏறினாரும்மா, உனக்குத் தொண்டைதானே" என்பார். உண்மைதான். 94 வயதில், 1973 டிசம்பர் 19 அன்று தியாகராய நகரில் பேசினார், ஐந்தாம் நாள் வேலூரில் இறந்தார். அண்ணாவும் 1968-இல் அமெரிக்காவில் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடித்து வந்த பிறகும் மேடைகளில் பேசினார், 1969 பிப்ரவரி 3-இல் போய்விட்டார். தி.மு.க. தொடங்கியபோது, மழையில் நனைந்துகொண்டே ராபின்சன் பூங்காவில் 1949-இல் பேச்சுக் கேட்ட ஊர் இது. நோயோடு மேடை ஏறுவது இங்கே ஒரு பெருமை. ஆனால் பெரியவரிடம் நான் சொல்வது இது: அவர்களுக்குக் காத்திருந்தால் குணமாகிவிடும் என்ற வாய்ப்பு இல்லை. எனக்கு ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பத்து நாளில் ஆறக்கூடியதை ஆறு வாரத்துக்கு இழுப்பதில் என்ன பெருமை? முன்வரிசையில் உட்காருகிறவர்களையும் யோசிக்க வேண்டும். எங்கள் கூட்டங்களில் அது எழுபது வயதுக்காரர்கள் வரிசை. ஃப்ளூ காய்ச்சல், அறிகுறி தொடங்குவதற்கு முந்தைய நாளிலிருந்து ஐந்தாறு நாள்வரை தொற்றும். மாத்திரை இல்லாமலே ஒரு நாள் முழுக்கக் காய்ச்சல் வராமல் இருந்தால்தான் இப்போதெல்லாம் நான் கூட்டத்துக்குள் போகிறேன்.

கைவைத்தியம் பற்றிக் கேட்பீர்கள். அதிமதுரத்தை அடக்கிக்கொண்டால் தொண்டைக்கு இதம், ஆனால் இரத்த அழுத்தம் இருப்பவர்கள் நாள் கணக்கில் சாப்பிடக் கூடாது. உப்புத் தண்ணீர் கொப்பளிப்பது நல்லதே. காசிமேட்டிலிருந்து வாங்கி வந்த நண்டில் அம்மா வைக்கிற ரசம் மூக்கைத் திறந்துவிடும், குரல்நாண் வீக்கத்தை அது ஒன்றும் செய்யாது. இருந்தாலும் குடிப்பேன், அதை விட மனம் வராது. மேடைக்கு முந்தைய இரவு மட்டும் காரம் வேண்டாம், புளித்த ஏப்பம் மேலே வந்து தொண்டையைச் சுட்டுவிடும். தண்ணீர் குடித்தால் குரல் நனையும் என்று நினைப்பது தவறு, அது வேறு குழாயில் இறங்குகிறது. உடம்பு முழுக்க ஈரம் சேர்ந்துதான் குரல்நாணுக்குப் போக வேண்டும், அதற்கு மணிக்கணக்காகும். மைக் முன்னால் நின்று மடமடவென்று குடிப்பதைவிட முந்தைய நாளிலிருந்தே குடிப்பதில் பயன் உண்டு. ஆன்டிபயாடிக் வேண்டாம், திடீர்த் தொண்டைக்கட்டு பெரும்பாலும் வைரஸ் வேலை. ஸ்டீராய்டு போட்டால் குரல் சட்டென்று வந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். வரலாம். தொண்டைக்குள் கருவி விட்டுப் பார்த்த மருத்துவர் கொடுத்தால் ஒழிய அதன் பக்கம் போகாதீர்கள். வீக்கம் வடிந்த தைரியத்தில் நாம் கத்தி, உள்ளே இரத்தம் கட்டிக்கொண்டால் தெரியவே தெரியாது.

இரண்டாவது, போவது, ஆனால் சுருக்குவது. பாதிக் குரல் மிச்சம் இருக்கும்போது எனக்குப் பிடித்த வழி இதுதான். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் திருவொற்றியூர் மைக்செட் அண்ணன் ஒருவர். ஒரு முறை கரகரப்போடு பேசத் தொடங்கி, கேட்கவில்லையோ என்று எட்டிக் குரலெடுத்தேன். பின்னாலிருந்து அவர் வந்து மைக்கைத் தாழ்த்தி, என் வாய்க்கு நாலு விரல்கடை தூரத்தில், கொஞ்சம் சாய்த்து வைத்தார். "நீ இன்னாத்துக்கும்மா கத்தற? கத்தறதுக்குத்தான் நான் ஆம்ப்ளிஃபயரு வெச்சுகினு குந்தினு கீறேன். நீ வூட்ல பேசற மாதிரி பேசு." எக்கோவைக் குறைத்தார். ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டியை என்னைப் பார்த்துத் திருப்பி வைத்தார். அந்தப் பெட்டிதான் விஷயமே. நம் குரல் நமக்குக் கேட்கவில்லை என்றால் நாம் அறியாமலே சத்தத்தைக் கூட்டுவோம். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி போகும்போது பக்கத்தில் இருப்பவரிடம்கூடக் கத்திப் பேசுவோமே, அதே கதை.

அன்றைக்குப் பிறகு இரண்டு பழக்கம். கிசுகிசுப்பதில்லை. அது ஓய்வு என்று தோன்றும், உண்மையில் பலருக்குக் குரல்நாணை இறுக்கும். தாழ்ந்த, சாதாரணப் பேச்சுக் குரலே மேல். செருமுவதும் இல்லை. செருமத் தோன்றினால் எச்சிலை விழுங்கிவிட்டு அரை நொடி நிற்கிறேன். கூட்டம் அதை அழுத்தம் என்று எடுத்துக்கொள்கிறது, லாபம்.

எதைச் சுருக்குவது? முதலில் விளிப்பை. மேடையில் இருக்கிற பதினாறு 'அவர்களே'களையும் சொல்லி முடிக்க நாலு நிமிடம் போகும். தொண்டை கட்டியவருக்கு அந்த நாலு நிமிடம்தான் மொத்தச் சொத்து. "எல்லாருக்கும் வணக்கம், தொண்டை சரியில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்." அவ்வளவு போதும். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. தன் பெயரைச் சொல்லாததற்காக ஒருவர் மட்டும் ஒரு மாதம் பேசவில்லை, அதையும் பார்த்துவிட்டேன்.

மூன்றாவது, வேறொருவர் வாசிப்பது. இதைப் பலர் தோல்வி மாதிரி நினைக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது, போன வருடம்வரை. படிப்பகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் இறந்துபோனார். நினைவேந்தலில் நான் பேச வேண்டும், குரல் சுத்தமாக இல்லை. என்னிடம் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் தாளைக் கொடுத்தேன். மைக் முன்னால் போய் நின்று கணீரென்று ஆரம்பித்தாள்: "நான் கல்யாணம் ஆகி இந்தத் தெருவுக்கு வந்த புதிதில்..." கூட்டம் ஒரு நொடி விழித்தது, அப்புறம் குபீரென்று சிரிப்பு. நினைவேந்தலில். அவள் முகம் சிவந்து என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மேடை ஓரத்தில் நாற்காலியிலிருந்து, படி படி என்று கையசைத்தேன். படித்தாள். அவர் எனக்கு முதன்முதலாக நூலக உறுப்பினர் அட்டை எழுதிக் கொடுத்த இடத்தில், நான் யோசித்தே பார்க்காத ஓரிடத்தில், மூச்சு வாங்க நிறுத்தினாள். அவர் மனைவி அழுதது அங்கேதான். நான் பேசியிருந்தால் அந்த இடத்தை ஓட்டிக்கொண்டு போயிருப்பேன்.

அதிலிருந்து கற்றதை இப்போது செய்கிறேன். வாசிப்பவர் தொடங்கும் முன் 'இது இன்னார் எழுதியது' என்று ஒரு வரி சொல்ல வேண்டும், அல்லது 'நான்' எல்லாவற்றையும் 'டீச்சர்' என்று மாற்றிவிட வேண்டும். எழுத்து பெரிதாக, தாளின் ஒரு பக்கத்தில் மட்டும். நிறுத்த வேண்டிய இடத்தில் சிவப்புக் கோடு. எண்களை எழுத்தால் எழுதித் தர வேண்டும், மைக் முன்னால் 1,75,000-ஐப் பார்த்துத் தடுமாறாதவர் குறைவு. தாள் முந்தைய நாள் இரவே அவர் கையில் இருக்க வேண்டும்.

எடுபடாத இடமும் உண்டு. பட்டிமன்றத்தில் எதிரணி சொன்னதற்கு அந்த நிமிடமே பதில் சொல்லியாக வேண்டும், அதைத் தாளில் எழுதிவைக்க முடியாது. நேர்முகத் தேர்வுக்கு ஆள் மாற்ற முடியாது. ஆக, அங்கே இருப்பவர்களுக்கு வேண்டியது நான் எழுதிய சொல்லா, என் வாயா என்று கேட்டுக்கொள்கிறேன். சொல் போதும் என்றால் ஆள் மாற்றலாம்.

முகம் மட்டும் வேண்டிய இடமும் இருக்கிறது. பதிவு செய்து அனுப்பும் நான்காவது வழி அதற்குத்தான். நம் ஊரில் இதற்கு எம்.ஜி.ஆரைவிடப் பெரிய உதாரணம் கிடையாது. 1967-இல் துப்பாக்கிக் குண்டு தொண்டையில் பாய்ந்து, கட்டோடு படுத்திருந்த படம் சுவரொட்டியாக வந்தது, தேர்தலில் ஜெயித்தார். 1984-இல் அமெரிக்க மருத்துவமனையில் இருந்தபடி எடுத்த வீடியோவை ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள், மறுபடி ஜெயித்தார். அவர் என்ன பேசினார் என்பது யாருக்கும் பெரிதாகப் படவில்லை, ஆள் இருக்கிறார் என்பதுதான் சேதி. நமக்கு அந்த முகராசி இல்லை. வெளியூர்க் கல்யாணத்துக்கு வாழ்த்து அனுப்பலாம், பணி ஓய்வு விழாவுக்கு அனுப்பலாம். ஒரு வசதி: நாலு வரி பேசிவிட்டு ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு மறுபடி நாலு வரி என்று நாள் முழுக்கத் துண்டு துண்டாகப் பதிவு செய்யலாம். ஆனால் கைபேசியை மைக்கில் வைத்து ஒலிபரப்பாதீர்கள், வீல் என்று கத்தும். கைபேசியை ஆம்ப்ளிஃபயரோடு இணைக்கிற ஆக்ஸ் வயர் இருக்கிறதா என்று மைக்செட்காரரிடம் முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

தள்ளிப்போடுவதற்கு நான் கேட்பது ஒன்றுதான்: செலவு யாருடையது? பத்துப் பேர் உட்காரும் படிப்பக வகுப்பு என்றால் ஒரு செய்தியில் அடுத்த வாரத்துக்கு நகர்ந்துவிடும். பந்தல் போட்டு, நோட்டீஸ் அடித்து, மைக்செட்டுக்கு முன்பணம் கொடுத்த கூட்டத்தை என் தொண்டைக்காக நகர்த்தச் சொல்ல முடியாது. அங்கே வேறு பேச்சாளர் தேட அவர்களுக்கு நேரம் தருவதுதான் நாம் செய்யக்கூடியது. புதன்கிழமை காலை சொன்னால், "உடம்பைப் பாரும்மா" என்பார்கள். 'பார்ப்போம், சரியாகிவிடும்' என்று இழுத்தடித்துவிட்டுக் கூட்டத்தன்று மாலை நாலு மணிக்குச் சொன்னால் அடுத்த வருடம் கூப்பிடமாட்டார்கள். நியாயம்தான்.

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். கருத்துக்கேட்புக் கூட்டம் ஒரு தனி ரகம். 2006-இல் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு கொடுத்து, ஆட்சியரோ அவர் சார்பில் ஓர் அதிகாரியோ தலைமை தாங்கி நடத்துவது. குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு இல்லை. நான் வராவிட்டாலும் நடக்கும், ஆக ஐந்தாவது வழி அடைபட்டது. முழுக்க வீடியோ எடுக்கிறார்கள், முடிவில் சொல்லப்பட்டவற்றின் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் வாசிக்கிறார்கள். எழுத்தில் கொடுத்தாலும் கணக்கில் வரும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு முன்கூட்டியே எழுதி அனுப்பலாம்.

வியாழக்கிழமை முழுக்கப் பேசவில்லை. மூன்று பக்கம் எழுதி, நகலெடுத்து, ஒன்றை அனுப்பிவிட்டு ரசீதை வாங்கிவைத்தேன். இனி வெள்ளிக்கிழமை என்ன நடந்தாலும் என் கருத்து பதிவில் இருக்கும் என்ற நிம்மதியிலேயே தொண்டை கொஞ்சம் இளகிய மாதிரி இருந்தது. அப்புறம் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். இப்போது கல்லூரி முதலாமாண்டு. ஒன்றரைப் பக்கமாகச் சுருக்கியதைக் கொடுத்து, யாராவது கேள்வி கேட்டால் சொல்வதற்கு ஐந்து பதிலையும் எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு 'நான்' கூட இல்லை.

வெள்ளிக்கிழமை காய்ச்சல் விட்டு ஒரு நாளுக்கு மேல் ஆகியிருந்தது. முகக்கவசம் போட்டுக்கொண்டு போனேன். பத்து மணிக் கூட்டம் பத்து ஐம்பதுக்குத் தொடங்கியது. என் முறை வந்ததும் மைக்கை நாலு விரல்கடைக்கு இழுத்து, பெயர், தெரு, தொண்டை கட்டியிருக்கிறது, எழுதியதை இந்தப் பெண் வாசிப்பாள் என்று மட்டும் சொன்னேன். பதினைந்து நொடி. மிச்சத்தை அவள் வாசித்தாள். எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீர் எந்த வருடத்திலிருந்து மாறியது என்று மேடையிலிருந்து கேட்டார்கள். ஐந்து பதிலில் அது இல்லை. தாளின் பின்பக்கத்தில் கிறுக்கி நீட்டினேன், அவள் படித்தாள்.

கடைசியில் சுருக்கம் வாசித்தபோது என் கருத்து முழுவதும் அவள் பெயரில் இருந்தது. கையை உயர்த்தினேன், கவனிக்கவில்லை. வாயைத் திறந்தேன், மறுபடி காற்று. அவளே எழுந்து, "சார், அது டீச்சரோடது, நான் வாசிச்சேன், அவ்ளோதான்" என்றாள். எழுத்தர் பேனாவை எடுத்து அடித்துவிட்டு, என் பெயரையும் தெருவையும் ஒருமுறை கேட்டார். இந்த முறை அதையும் அவள்தான் சொன்னாள்.